படியும் பைட்டும்

வடசென்னைக் கடற்கரையில் பொருளுக்கொரு அளவை உண்டு. காசிமேட்டில் விடியற்கால ஏலத்தில் மீன் கூடைக் கணக்கில் கைமாறும். அதே மீன் வெயிலேறியபின் தெருவோரத்தில் கூறு கட்டி விற்கப்படும். எண்ணூரில் வந்திறங்கும் நிலக்கரிக்கு டன். கல்லறைத் திருநாளுக்குப் பூ வாங்கச் சென்றால் முழம். கப்பலையும் டன் என்றுதான் அளக்கிறார்கள். ஆனால் அது எடையன்று. முற்காலத்தில் ஐரோப்பியர் கப்பலில் ஏற்றிய திராட்சை இரசப் பீப்பாயின் பெயரே டன். எத்தனை பீப்பாய் கொள்ளும் என்பதே கப்பலின் பருமை. ஆகவே நிலக்கரியின் டன் எடையைச் சொல்கிறது, அதைச் சுமந்து வரும் கப்பலின் டன் கொள்ளளவைச் சொல்கிறது. ஒரே சொல்லுக்கு இரு பொருள் இருந்தும், இதன்பொருட்டுத் துறைமுகத்தில் எவரும் அடித்துக்கொண்டதாக நாம் கேட்டதில்லை. இரண்டையும் கண்ணால் பார்க்கலாம் என்பதே காரணமாயிருக்கலாம்.

இச்சரக்குகளுக்கிடையே சில ஆண்டுகளாகப் புதுச்சரக்கு ஒன்று நம் தெருக்களில் விலைபோகிறது. கைப்பேசிக் கடைகளில் சிறு நகத்தளவு அட்டையில் வைத்து விற்கிறார்கள். ‘எத்தனை ஜி.பி. வேண்டும்?’ என்று கடைப்பையன் கேட்கிறான். மீன் விற்கும் அம்மாவும் கல்லூரி மாணவனும் ஒரே குரலில் விடை சொல்கிறார்கள். ஆனால் இந்த ஜி.பி.யைக் கண்ணால் கண்டவர் யார்? கூடையை ஏந்தலாம், முழத்தைக் கையால் போட்டுப் பார்க்கலாம். இதை என்ன செய்வது?

இந்தத் திகைப்பு நமக்கு மட்டும் உரியதன்று. அவ்வளவையைப் படைத்தவர்களையே அது பிடித்து ஆட்டியிருக்கிறது. அவர்கள் அதைச் சிரித்துத் தீர்த்துக்கொண்டார்கள். கணினி அறியும் செய்தியில் மிகச் சிறியது பிட்டு: ஆம் அல்லது இல்லை என்னும் ஒற்றை விடை. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது பைட்டு. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியாளர் வெர்னர் புக்ஹோல்ஸ் இப்பெயரைச் சூட்டினார். ஆங்கிலத்தில் ஒரு வாய் கடிப்பதைக் குறிக்கும் சொல்லே அது. பிட்டோடு குழம்பிவிடக்கூடாதென்று எழுத்தை மட்டும் சற்றுத் திருத்திக்கொண்டார். கடி என்று ஒன்று வந்தபின் பொறியாளர்களுக்குப் பசி எடுத்துவிட்டது. பாதிக் கடிக்கு, அதாவது நான்கு பிட்டுக்கு, ‘கொறித்தல்’ எனப் பொருள்படும் நிபிள் என்று பெயரிட்டார்கள். இரண்டு பிட்டுக்கு ரொட்டித் துணுக்கின் பெயர். பதினாறு பிட்டு ஒரு தட்டு, முப்பத்திரண்டு பிட்டு ஓர் இராச்சாப்பாடு என்றும் வேடிக்கையாய்ச் சொல்லி வைத்தார்கள். இவற்றுள் கொறித்தல் மட்டும் வேடிக்கையைக் கடந்து பாடநூல்களிலும் இடம்பிடித்துவிட்டது.

தமிழில் இந்த வேடிக்கை இன்னும் பொருந்துகிறது என்பது நம் எண்ணம். பிட்டு என்றால் நம் மக்களுக்கு ஆவியில் வெந்து இறங்கும் பண்டம். அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பது எத்தகையது என்பதைப் பலிபீடத்தைச் சுற்றி நிற்போர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பெரிய அளவுகளுக்கும் இத்தகைய கேலி அளவைகள் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் முழுவதையும் ஓர் அளவையாக்கி, ‘இந்த வட்டில் இத்தனை நூலகம் அடங்கும்’ என்று எழுதுவது அங்கு நெடுநாள் வழக்கம். ஒரு நூலகம் எத்தனை பைட்டு என்பதில் இருவர் சொல்லும் கணக்கு ஒத்துவருவதில்லை. ஆனாலும் வாசகன் தலையாட்டி விடுகிறான். அந்த எண்ணைக் காட்டிலும் நூலடுக்கு அவன் கண்முன் நிற்பதே காரணம். 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பகம், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளோடு, ஏறத்தாழ ஒரு டன் எடை இருந்தது. அது கொண்டது ஐம்பது இலட்சம் எழுத்து. ஓர் ஆங்கில விவிலியத்தை வைத்தபின், அருகில் ஒரு பூசைப் புத்தகத்தை வைக்க இடமிருந்திருக்குமா என்பது ஐயமே. இப்படிச் சொன்னால் நம் பங்கு மக்களுக்கு உடனே விளங்கும். எண்ணைச் சொன்னால் விளங்காது.

துறைமுக வட்டாரத்தார் ஓர் அளவையை முன்மொழிய வேண்டுமென்றால் அது இருபது அடிக் கண்டெய்னர் பெட்டியாகத்தான் இருக்கும். உலகெங்கும் கப்பல் சரக்கை அந்தப் பெட்டிக் கணக்கில்தான் எண்ணுகிறார்கள். நாமும் ஒரு மழைநாள் மாலையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பெருநிறுவனங்கள் தரவுகளைச் சேமிக்கும் காந்த நாடாப் பேழைகளில் 2021-இல் வந்த வகை ஒவ்வொன்றும் 18 டெராபைட்டு கொள்ளும். உள்ளங்கையளவான அப்பேழைகளில் ஓர் இலட்சத்தை இருபது அடிப் பெட்டிக்குள் தாராளமாக அடுக்கலாம். ஆக, ஒரு பெட்டி என்பது 18 இலட்சம் டெராபைட்டு. இதைச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பிவடம் வழியே அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 2002-இல் இவ்விரு நகரங்களையும் இணைத்த வடத்தின் திட்டக் கொள்ளளவு வினாடிக்கு 8.4 டெராபிட்டு. அந்த வடம் முழுவதையும் நமக்கே ஒதுக்கினாலும், இரவு பகலாக 20 நாள் ஆகும். கப்பலில் ஏற்றினால் பெட்டி ஒரு வாரத்துக்குள் போய்ச் சேரும். நாடாக்களை ஏற்றிச் செல்லும் வண்டியைக் குறைத்து மதிப்பிடாதே என்று கணினித் துறையினர் சொல்லும் பழைய வேடிக்கை வெறும் வேடிக்கையன்று. எண்ணூர் விரைவுச்சாலையில் பெட்டி வண்டிகள் வரிசைகட்டி நின்ற நாள்களை அறிந்தவர்கள் துறைமுக வாயில்வரை செல்லும் காலத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்போது வடம் வென்றாலும் வெல்லும்.

இவ்வேடிக்கைகளையெல்லாம் படித்துச் சிரித்தபின் நமக்கு நினைவில் தட்டியது நம் பாட்டிமார் கையாண்ட ஆழாக்கு. இன்றும் சென்னை வீடுகளில் அரிசிப் பானைக்குள் ஒன்று கிடக்கும். பழைய வாய்பாட்டை நினைவுகூர்வோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். அதையே குறுணி என்பர். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. வாசகர் கவனித்திருப்பீர்கள்: எங்கும் பத்து வரவில்லை. இரண்டும், இரண்டின் பெருக்கமுமே வருகின்றன. ஆழாக்கைப் பிட்டு என்று கொண்டால், உழக்கு அந்த ரொட்டித் துணுக்கு, உரி கொறித்தல், எட்டு ஆழாக்குக் கொண்ட படி முழுப் பைட்டு. குறுணி 64, பதக்கு 128, தூணி 256. கணினிக் கடையில் காதில் விழும் எண்கள் அத்தனையும் நெற்களத்தில் கிடக்கின்றன.

இதைக் கொண்டு, நம் முன்னோர் கணினியை அன்றே அறிந்திருந்தனர் என எவரேனும் விழா மலரில் கட்டுரை எழுதுவாராயின் நாம் உடன்படமாட்டோம். காரணம் மிக எளியது. தராசும் அளவுகோலும் இல்லாத ஒருத்தி, ஒரு குவியலைப் பத்தாகப் பங்கிட முடியாது. இரண்டாகப் பங்கிட முடியும். ஒத்த இரு பாத்திரங்களில் ஊற்றிப் பார்த்தால் போதும். மின்சாரச் சாவிக்கும் அவளுக்கிருந்த அதே இல்லாமைதான்: அதுவும் இரண்டுக்குமேல் எண்ணத் தெரியாதது. வறுமை இருவரையும் ஒரே வாய்பாட்டுக்குக் கொண்டுவந்து விட்டது.

சென்னையில் இதற்குமேல் ஒரு பேரளவையும் வழங்கியது: கரிசை. நானூறு மரக்கால் ஒரு கரிசை. இக்கரையோரம் நெல்லும் உப்பும் கரிசைக் கணக்கில்தான் பேசப்பட்டன. அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்தவர்கள் ஒரு கரிசை உப்பு எத்தகைய குவியல் என்பதை மனத்தில் காணலாம். டன் கணக்கில் நான்குக்கு மேல் வரும். படியைப் பைட்டாகக் கொண்டால் கரிசை வெறும் 3,200 பைட்டு. அதில் எவ்வளவு தமிழ் எழுதலாம்? இன்று உலகம் ஏற்றுள்ள யூனிகோடு முறையில், பரவலாகக் கையாளப்படும் வடிவத்தின்படி, தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு எடுத்துக்கொள்கிறது. புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள். ஆக, ஒரு கரிசையில் ஆயிரத்துச் சொச்சம் குறிகள். சொற்களாய்ச் சொன்னால் நூற்றுக்குச் சற்று மேல். நான்கு டன் உப்புக்கு ஈடாக அரைப்பக்கக் கடிதம்!

சிரித்துவிட்டு நகர்ந்துவிட இயலாத இடம் இது. ‘இராயபுரம்’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து, ஒன்பது பைட்டு. தமிழில் எழுதினால் ஒன்பது குறி, இருபத்தேழு பைட்டு. அதே ஊர், அதே மக்கள், மும்மடங்கு இடம். குறுஞ்செய்திக் காலத்தில் இது பணமாகவும் வெளிப்பட்டது. ஒரு குறுஞ்செய்தி என்பது 140 பைட்டு கொண்ட சிறு கூடை. ஆங்கிலத்தில் எழுதினால் அதில் 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70 குறி மட்டுமே. இறந்தவர் பெயரும் அடக்கத் திருப்பலியின் நேரமும் ஆலயத்தின் பெயரும் எழுதி முடிக்குமுன் கூடை நிறைந்துவிடும். இரண்டாம் செய்திக்கும் கட்டணம் விழும். எனவே நம் மக்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகினார்கள். மொழிப்பற்று இல்லாமையால் அன்று; கட்டுபடி ஆகாமையால். தமிழில் எழுது என்று மேடையில் முழங்கியவர்களுள் எத்தனை பேர் இந்தக் கூடையின் அளவைக் கேட்டார்கள் என்று தெரியவில்லை. தமிழக அரசு 2010-இல் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டே பைட்டு தரும் வேறொரு குறிமுறையை யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. கைப்பேசி உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

படி என்றதும் மற்றொரு பழைய வழக்கு எழுகிறது. பட்டணத்துப் படி வேறு, நாட்டுப்புறப் படி வேறு. பெரிய படி, சின்னப் படி என்று இரண்டைக் கடைக்குள் வைத்திருந்த செட்டியார் கதைகளும் உண்டு. வாங்கும்போது பெரியது, விற்கும்போது சிறியது. சோழர் காலத்தில் அரசனும் கோயிலும் மரக்காலுக்குப் பெயரிட்டு வைத்தது சும்மாவன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் நெல்லை ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்து தரச் சொல்கின்றன. எந்த மரக்கால் என்று சொல்லாமல் நெல்லைச் சொல்வதில் பயனில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இருவகை எடைக்கல்லும் இருவகை மரக்காலும் ஆண்டவருக்கு அருவருப்பு என்பது நீதிமொழிகள் இருபதாம் அதிகாரத்தின் தீர்ப்பு.

ஜி.பி.யிலும் இரண்டு படி உண்டு. கணினி இரட்டித்து இரட்டித்து எண்ணுவதால், ஆயிரத்துக்கு மிக அருகில் அதற்குக் கிடைப்பது 1,024. பொறியாளர்கள் அதையே கிலோ என்று அழைத்துப் பழகினார்கள்: ஆயிரத்துக்கு இருபத்து நான்கு கொசுறு. வட்டு விற்பவர்களோ கொசுறு கொடுப்பதில்லை. அவர்களுக்குக் கிலோ என்றால் ஆயிரமே. படியைத் தலைதட்டி விற்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் கணினி அதைக் குவியலாய் அளந்து பார்க்கிறது. கிலோவில் வேற்றுமை நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. ஆயினும் அது அடுக்கடுக்காய்ப் பெருகி, ஜி.பி.யில் ஏழுக்கு மேலும், டெராபைட்டில் பத்தளவும் ஆகிவிடுகிறது. 500 ஜி.பி. என்று அச்சிட்ட வட்டைச் செருகினால் பல கணினிகள் 465 என்று காட்டுவது இதனால்தான். நாம் குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் கட்டுரைகளைச் சுமந்த நெகிழ்வட்டோ மூன்றாம் படி. அதன்மேல் அச்சிட்டிருந்த 1.44 மெகாபைட்டு என்பது, ஆயிரத்தை 1,024-ஆல் பெருக்கி உண்டாக்கிய, வேறெங்கும் செல்லாத ஒரு மெகாபைட்டு!

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் இதற்குத் தீர்வு சொன்னது. ஆயிரத்துக்குக் கிலோவை விட்டுவிட்டு, 1,024-க்குக் கிபி என்று புதுப்பெயர் சூட்டியது. கிபிபைட்டு என்று தமிழில் எழுதினால் கிறிஸ்து பிறப்புக்குப் பிந்திய பைட்டு என்று நம் வாசகர்கள் படிப்பார்கள் என்பதை அவ்வாணையம் எதிர்பார்த்திராது. பெயர் கடைத்தெருவுக்கு வரவில்லை. அமெரிக்காவில் 80 ஜி.பி. வட்டு வாங்கிய ஒருவர் குறைந்ததற்காக வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 2006-இல் அது சமரசத்தில் முடிந்தது. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது காப்புப் படியெடுக்கும் மென்பொருள் ஒன்று, இலவசமாக. கொசுறு கேட்டவர்க்குக் கொசுறு கொடுத்தாயிற்று. வணிகர் சொல்வது அறிவியல் வழக்குப்படி சரி, பொறியாளர் சொல்வது பழக்கப்படி சரி என்று நடுநிலையாளர் கூறுவர். நம் தீர்ப்பு வேறு. வாங்குபவர் தம் கையால் அளந்து பார்க்க இயலாத சரக்கில், எந்தப் படியால் அளந்தேன் என்று கொட்டை எழுத்தில் சொல்லவேண்டியவர் விற்பவரே. பெட்டியின் மூலையில் எறும்பெழுத்தில் போட்டுவைப்பது தலைதட்டுவதைவிட ஒரு படி கீழானது.

இது வெறும் கணக்குச் சண்டை என்று எண்ணுவோர்க்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பங்கில் மீன் விற்கும் ஓர் அம்மா, மூன்றாண்டுகளுக்கு முன் கணவரைக் கடலில் இழந்தவர், ஒரு நாள் கைப்பேசியோடு வந்தார். இடம் நிறைந்துவிட்டது என்று அது ஓயாமல் எச்சரித்ததாம். கடைக்காரர் இரண்டு வழி சொன்னாராம்: உள்ளிருப்பதை அழிப்பது, அல்லது 32 ஜி.பி. அட்டை வாங்குவது. காசில்லாமையால் சில மாதங்களாக அழித்துக்கொண்டே வந்திருக்கிறார். திருமணப் படங்கள், பேரனின் புதுநன்மைப் படங்கள் எல்லாம் போயின. அழிக்காமல் வைத்திருந்தது கணவர் படகிலிருந்து அனுப்பிய குரல் செய்திகளை. அவற்றைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார், கேட்டோம். பனிக்கட்டி எவ்வளவு வாங்குவது, டீசல் என்ன விலை, இறால் யாருக்குக் கொடுப்பது: அவ்வளவே. எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிடம்.

“முப்பத்திரெண்டு ஜீபின்னா எத்தினி கூட, சாமி?” என்று கேட்டார்.

சுற்றி நின்ற இளைஞர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நூலகத்தை அளவையாக்கிய அமெரிக்கர் கேட்டதும் இதே கேள்விதானே. தாள் எடுத்துக் கணக்கிட்டோம். பழைய தொலைபேசி முறையில் மனிதக் குரலை எழுத்தாக்கினால் வினாடிக்கு 8,000 பைட்டு; நிமிடத்துக்கு 4,80,000. கைப்பேசிகள் குரலைச் சுருக்கிச் சேமிப்பதால் இதைவிடக் குறைந்த இடமே போதும். ஆயினும் குறைவாய்ச் சொல்லி ஏமாற்றுவதைவிடத் தாராளமாய்க் கணக்கிடுவது நல்லதென்று எண்ணினோம். வணிகரின் சின்னப் படியாலேயே அளந்தாலும், 32 ஜி.பி. அட்டையில் 66,000 நிமிடத்துக்கு மேல் பேச்சு அடங்கும்.

“இரவும் பகலும் நிறுத்தாமல் பேசினால் நாற்பத்தாறு நாள் கொள்ளும் அம்மா” என்றோம்.

அவர் சற்று நேரம் யோசித்தார். “அந்த மனுசன் கட்டிக்கின நாள்லேந்து பேசினது எல்லாம் சேத்தாலும் அவ்ளோ வராது சாமி” என்றார். இப்போது அவரே சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அட்டையை நம் இளைஞர் ஒருவர் வாங்கி வந்து, குரல் செய்திகளை முதலில் அதில் ஏற்றி, வேறொரு கணினியிலும் படியெடுத்து வைத்தார். அந்தப் பதினொரு நிமிடத்தை நாம் நம் வாய்பாட்டிலும் அளந்து பார்த்தோம். நிமிடத்துக்கு 150 கரிசை. மொத்தம் 1,650 கரிசை. உப்பாயிருந்தால் ஏற்றிச் செல்ல ஒரு கப்பல் வேண்டும். இதைச் சொன்னபோது அந்த அம்மா வியக்கவில்லை. மீதி எவ்வளவு இடம் இருக்கிறது என்றுதான் கேட்டார். நாற்பத்தாறு நாளில் பதினொரு நிமிடம் போக மீதி அனைத்தும் என்றோம்.

“அப்ப மீதில எம் பேரன் பேசட்டும்” என்று சொல்லி, கைப்பேசியை முந்தானையால் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மாலை வியாபாரத்துக்குக் கூடையைத் தூக்கினார்.